காய்ச்சலோடு ஒரு கோட்டை

அன்புள்ள ஐயா,

ஜப்பான் பயணத்தில் ஹிமேஜி கோட்டைக்கென்றே ஒரு நாளை ஒதுக்கி வைத்திருந்தேன். அன்று காலையிலேயே உடம்பு அனலாகக் கொதித்தது. டிக்கெட் எடுத்தாயிற்றே என்று கிளம்பிவிட்டேன். கோபுரத்தின் மூன்றாம் மாடியில் தலை சுற்றியது. நான் அங்கேயே ஒரு பெரிய தூணருகே உட்கார்ந்துவிட, கணவர் மட்டும் உச்சிக்குப் போய்வந்தார். “அவ்வளவு தூரம் போய் உச்சியைப் பார்க்காமல் வந்தாயா?” என்று கேட்காதவர்கள் இல்லை. ஹிமேஜியைப் பார்த்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாமா? பயணத்தில் உடம்பு படுத்தினால் இப்படிப்பட்ட இடங்களை என்ன செய்வது?

ச.

அன்புள்ள ச.,

உச்சியில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் மாடியில் ஓர் அறை, சுற்றிலும் சன்னல்கள், ஒசகபே தெய்வத்துக்குச் சிறிய சன்னிதி. வெளியே பார்த்தால் ரயில் நிலையத்திலிருந்து நேராக வரும் சாலை தெரியும். அவ்வளவுதான். உங்கள் கணவர் அங்கே நின்ற நேரத்தில் பாதி புகைப்படத்துக்குப் போயிருக்கும்.

நீங்கள் உட்கார்ந்த இடம் அதைவிடச் சுவையானது. அந்தக் கோபுரத்தைத் தாங்குபவை கிழக்கிலும் மேற்கிலும் நிற்கும் இரண்டு பெருந்தூண்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 மீட்டர் உயரம். 1956 முதல் 1964 வரை நடந்த பெரும் சீரமைப்பில் மேற்குத் தூணை மாற்ற வேண்டியிருந்தது. காட்டிலிருந்து கொண்டுவரும் வழியிலேயே மரம் முறிந்தது. வேறு வழியின்றி இரண்டு மரங்களை இணைத்துத் தூணாக்கினார்கள். அந்த ஒட்டு இருப்பது மூன்றாம் மாடியை ஒட்டித்தான். மேலே ஏறுகிற அவசரத்தில் இருப்பவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. களைத்துப்போனதற்காக நீங்கள் வெட்கப்படுகிறீர்கள். அந்தக் கோட்டையைக் கட்டியதே வருகிறவனைக் களைக்க வைக்கத்தான். வாசல் தாண்டியதும் வெள்ளைக் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பாதையோ திடீரென்று திரும்பி, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நடக்கச் சொல்லும். பிறகு ஒரு சரிவு, குனிந்து நுழைய வேண்டிய ஒரு வாசல், மறுபடி ஒரு திருப்பம். வழி நெடுகச் சுவரில் வட்டமாகவும் முக்கோணமாகவும் சதுரமாகவும் துளைகள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு துப்பாக்கியோ வில்லோ காத்திருக்கும் ஏற்பாடு. 1609இல் கட்டி முடித்த பிறகு அங்கே போரே நடக்கவில்லை என்பதால், இந்தச் சூழ்ச்சியெல்லாம் நம்மைப் போன்ற சுற்றுலாப் பயணிகள்மீதுதான் பலிக்கிறது. நல்ல உடம்போடு போகிறவருக்கு அது அழகான வளைவு. உங்களுக்கு அது தன் வேலையைச் சரியாகக் காட்டியிருக்கிறது.

அங்கே நோயில் விழுந்த முதல் ஆளும் நீங்கள் இல்லை. இன்றுள்ள கோபுரத்தைக் கட்டிய இகேதா தெருமசாவே அதை முடித்த சில ஆண்டுகளில் நோயுற்று, 1613இல் இறந்தார். குன்றின் பழைய தெய்வமான ஒசகபேயை இடம் பெயர்த்ததால் வந்த சாபம் என்று ஊர் பேசியது. இத்தனைக்கும் அந்தக் கோபுரத்தில் பிரபுக்கள் குடியிருக்கவில்லை. முற்றுகைக் காலத்துக்கென்று அடித்தளத்தில் கழிப்பறைகள்கூட அமைத்திருக்கிறார்கள்; அவற்றை யாரும் பயன்படுத்திய தடயமே இல்லை.

ஆனால் டிக்கெட் காசு வீணாகிவிடும் என்று காய்ச்சலோடு ஏறியதை நான் மெச்சமாட்டேன். காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வழுவழுப்பான மரத்தில் காலுறையோடு நடக்க வேண்டும். மேலே போகப்போகப் படிகள் ஏணிபோல் நிமிர்ந்துவிடும்; முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். தலை சுற்றினால் விழப்போவது நீங்கள் மட்டுமல்ல. மூன்றாம் மாடியில் நின்றது அன்றைக்கு நீங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். கோபுரத்தை விட்டுவிட்டு மேற்கு வளாகத்தின் நீண்ட தாழ்வாரத்துக்குப் போயிருக்கலாம். ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் (ஷோகுன்) ஹிதெததாவின் மகள் சென்ஹிமே வாழ்ந்த பகுதி அது. பெரும்பாலும் சமதளம், கூட்டமும் குறைவு. அங்கிருந்து கோபுரம் முழுதாகத் தெரியும்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துகளை முன் அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. பல நாடுகளில் சாதாரணமாகக் கடையில் கிடைப்பவைதான். கிளம்புமுன் அட்டையைப் படித்துவிடுங்கள். தலைசுற்றல் மயக்கமாக மாறினால் 119. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. அந்த அளவுக்கு முற்றவில்லை என்றால் தெருவோரத் தானியங்கி இயந்திரத்தில் போகாரி ஸ்வெட் என்ற உப்புச்சத்துப் பானத்தை வாங்கிக் குடியுங்கள். 1980இல் அது சந்தைக்கு வந்ததற்குப் பின்னாலும் வெளிநாட்டில் நோயுற்ற ஒருவர் இருக்கிறார்: அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மெக்சிகோ போனபோது வயிறு கெட்டுப் படுத்தார், அப்போதுதான் குடிக்கக்கூடிய சலைன் என்ற யோசனை அவருக்கு வந்ததாம்.