அவளை ஒளிக்கணக்கு படிக்க விடுங்கள், அக்கா

பாடாங் செராயிலிருந்து வந்து நீங்கள் அழுததைப் பார்த்து, "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் மகளுக்குக் கிள்ளான் மாமா பார்த்து வைத்திருக்கும் தனியார் மருத்துவக் கல்லூரி இடம் வேண்டாம். 350,000 மலேசிய வெள்ளிக்கு உங்கள் வீட்டுக்காரரின் இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பணமும் போய், கடனும் நிற்கும். 2016 முதல் அரசு, புது மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறது. எல்லாருக்கும் நிரந்தரம் கிடைப்பதில்லை. அதைவிட, அவளுக்கே அதில் மனமில்லை.

அன்று அவள் காட்டிய நோட்டைப் பார்த்தீர்களா? கைப்பேசிக் கேமராவின் வில்லைகளை (லென்ஸ்) வரிசையாக வரைந்து, பென்சிலில் ஒளிக்கதிர்கள். ஒன்று மட்டும் சிவப்பு, புள்ளியில் சேராமல் விலகிப் போகிறது. அந்த விலகலைக் கணக்குப் போட்டுக் குறைப்பதே ஒரு தொழில், அதைத்தான் ஒளிக்கணக்கு என்கிறேன்.

ஏழு வில்லை என்றால் பதினான்கு பரப்பு. ஒவ்வொன்றிலும் கதிர் எங்கே படுகிறது, ஸ்நெல் விதிப்படி (ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் போகும்போது வளைவதைச் சொல்லும் விதி) எவ்வளவு வளைகிறது என்று கணக்கிட வேண்டும். வில்லை சில மைக்ரான் நகர்ந்தால் படம் கெடுமா என்று திரும்பத் திரும்பப் போட வேண்டும். தேவையில்லாமல் சிதறும் ஒளியைத் தேட மில்லியன் கணக்கில் கதிர்கள். உங்கள் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். நிரை, அதாவது மர வரிசை, பிரித்துக் கொடுத்தபின் ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருப்பாரா? கதிர்களும் அப்படித்தான். அதனால்தான் ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் கிராபிக்ஸ் கார்டு இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் வேகம் மட்டும் போதாது. கணினி விளையாட்டுகளுக்கான கிராபிக்ஸ் கார்டு ஏறக்குறைய ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் பறக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.00055 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர் பாதையில் அதிலும் சிறு பங்கைப் பிடிக்க இரட்டைத் துல்லியம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேலான இலக்கங்கள், வேண்டும், அங்கே அந்தக் கார்டு திணறும். எந்தக் கணக்கை எதில் போடுவது என்று தெரிந்தவர்கள் குறைவு. அண்ணனின் கணினியில் முயன்ற உங்கள் மகள், யாரும் சொல்லித்தராமல், "சார், கடைசி இலக்கம் ஏன் மாறுது?" என்று என்னைக் கேட்டாள்.

அரசுப் பள்ளியில் படிவம் 6 (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு): இயற்பியல், கணிதம். பிறகு பினாங்கில் உள்ள யு.எஸ்.எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இயற்பியல் துறைக்கு விண்ணப்பிக்கட்டும். மாலையில் சி++ நிரல்மொழி பழகட்டும். பக்கத்துக் கூலிமில் ஓஸ்ராம் 2017-இல் எல்.இ.டி சில்லுத் தொழிற்சாலை திறந்தது. அந்த வெளிச்சத்தை வளைத்துச் செலுத்துவதும் இதே கணக்குதான். வேலை அங்கேயே கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கடனில்லாமல் தேடலாம்.

இ.பி.எஃப் பணத்தைத் தொடாதீர்கள். மாமாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.