கம்பி வாங்குகிறவர்களும் கம்பி கட்டுகிறவர்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கட்டடக் கம்பி பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டோம்.

ஐயா, வீட்டுக்குக் கம்பி எடுக்க இரண்டு ஹாட்வெயாரில் விலை கேட்டோம். 12 மில்லி கம்பி ஒரு கடையில் நல்ல மலிவு. இரண்டும் எஸ்எல்எஸ் கம்பிதான் என்கிறார்கள், மேசனாரும் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். எதை நம்புவது? (வாசகி, நிலாவெளி)

ஒருவரையும் நம்ப வேண்டாம் தங்கச்சி, தராசை நம்புங்கள்.

இலங்கையில் வரிக்கம்பிக்கான கட்டளை, அதாவது தர விதி, எஸ்எல்எஸ் 375. கம்பியின் தரத்தை ஆர்பி 500 என்று குறிப்பார்கள். அந்த 500 என்பது சதுர மில்லிமீற்றருக்கு 500 நியூட்டன் இழுவை வரைக்கும் கம்பி நிரந்தரமாக நீளாமல் தாங்க வேண்டும் என்ற கணக்கு. நல்ல கம்பியில் உற்பத்தியாளரின் பெயர், தடிப்பு, தரம் எல்லாம் உருட்டும்போதே கம்பியின் மேல் எழும்பி வந்திருக்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். கம்பிக் கட்டில் தொங்கும் தகர அட்டையை யாரும் கழற்றி மாட்டலாம், ஆனால் கம்பியில் எழும்பிய எழுத்தை அப்படி மாற்ற முடியாது. ஆகவே முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் எடை. கம்பியின் தடிப்பை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் பிரித்தால் ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். 12ஐ 12ஆல் பெருக்கினால் 144, அதை 162ஆல் பிரித்தால் ஏறக்குறைய 0.888 கிலோ. ஆறு மீற்றர்க் கம்பி ஒன்று 5.33 கிலோ வர வேண்டும், பத்துக் கம்பி 53 கிலோவும் கொஞ்சமும். பிரித்தானியக் கட்டளையான பிஎஸ் 4449 இந்தத் தடிப்புக்கு நாலரை வீதம் கூடக் குறைய விடுகிறது. அப்படிப் பார்த்தால் பத்துக் கம்பி 51 கிலோவுக்குக் கீழே இறங்கினால் அந்தக் கட்டை எடுக்காதீர்கள். தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ நெல் நிறுக்கிற தராசு போதும், பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. நிறுக்க முதல் நீளத்தை நாடாவால் அளந்து பாருங்கள், ஏனென்றால் ஆறு மீற்றர் என்று சொல்லி நாலு விரற்கடை குறைவாக வருகிற கம்பியும் உண்டு.

"ஒரு மில்லிதானே குறைவு" என்று கடையில் சொல்வார்கள். 12 மில்லி என்று விற்கிற கம்பி உண்மையில் 11 மில்லியாக இருந்தால் உள்ளே இருக்கிற இரும்பில் 16 வீதம் இல்லை. பொறியியலாளர் பீமில் நாலு கம்பி போடச் சொல்லியிருப்பார், உங்களுக்குக் கிடைப்பதோ மூன்றரைக் கம்பிக்குக் கொஞ்சம் குறைவு. கலிப்பரால் அளந்து இதைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். வரி எழும்பி இருப்பதால் ஒரு இடத்தில் கூடக் காட்டும், ஒரு இடத்தில் குறையக் காட்டும்.

எடை சரியாக வந்து, எழுத்தும் இருந்து, விலையும் மலிவென்றால் மலிவுக் கடையிலேயே தாராளமாக வாங்குங்கள். விலை கூடினதெல்லாம் நல்லது என்ற சட்டம் எங்கும் இல்லை.

எந்தக் கொம்பனிக் கம்பி நல்லது? (மூன்று வாசகர்கள்)

பெயர் சொல்ல மாட்டேன். மேலே உள்ள பதிலை இன்னொரு முறை வாசியுங்கள்.

சேர், நான் வேலைத்தளம் ஒன்றில் பயிற்சியில் இருக்கிறேன். வந்த கம்பியின் பரிசோதனை அறிக்கையில் ஈல்ட் (கம்பி இளகி நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 500க்குப் பதிலாக 660 என்று இருக்கிறது. கேட்டால், "கூட இருந்தால் இன்னும் நல்லதுதானே" என்கிறார் கொந்தராத்துக்காரர். அது சரியா? (வாசகர், கிண்ணியா)

நல்ல கண் தம்பி உமக்கு. பலர் 500ஐத் தாண்டினதும் அறிக்கையை மடித்து வைத்துவிடுவார்கள்.

கூட இருப்பது எப்போதும் நல்லதல்ல. கொங்கிறீட் நசுங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும், கம்பி நீண்டால் வெடிப்பு விரிந்து, பீம் தொய்ந்து, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே ஓட நேரம் கிடைக்கும். அதனால்தான் முதலில் கம்பி இளகுகிற மாதிரிப் பீமைக் கணக்குப் போடுகிறோம். வரைபடத்தில் 500 என்று நினைத்துப் போட்ட கம்பி உண்மையில் 660 ஆனால் அது இளக மறுக்கும், அந்தச் சுமை கொங்கிறீட்டின் தலையில் போய் விழும். பிஎஸ் 4449 இதற்காகவே மேலேயும் ஒரு வேலி போட்டிருக்கிறது: எந்த மாதிரித் துண்டும் 650ஐத் தாண்டக் கூடாது. உமது 660 அந்தக் கட்டளைப்படி தோல்விதான்.

அறிக்கையில் இன்னும் இரண்டு எண்களைத் தேடும். ஒன்று, அறுகிற வலுவை ஈல்ட்டால் பிரித்தால் வருகிற விகிதம். பிஎஸ் 4449 பிரிக்கிற வகைகளில் பி500பிக்கு அது குறைந்தது 1.08, பி500சிக்கு 1.15. மற்றது, உச்சச் சுமையில் கம்பி எவ்வளவு நீண்டது என்பது. பி500பிக்குக் குறைந்தது 5 வீதம், பி500சிக்கு 7.5 வீதம். ஈல்ட் மட்டும் உயர்ந்து இவை இரண்டும் சுருங்கியிருந்தால் கம்பி வலுவானதுதான், ஆனால் நொறுங்கும் குணம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று கேளும், இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. ஆய்வுகூடம் இழுத்த விசையை எந்தப் பரப்பால் பிரித்தது? 12 மில்லிக் கம்பியின் பெயரளவுப் பரப்பு 113.1 சதுர மில்லிமீற்றர். எடையில் பத்து வீதம் குறைந்த கம்பி ஒன்றில் உண்மைப் பரப்பு 101.8தான். அது 53 கிலோநியூட்டனில் இளகினால், பெயரளவுப் பரப்பால் பிரிக்க 469 வரும், உண்மைப் பரப்பால் பிரிக்க 521 வரும். அதே கம்பி, அதே இயந்திரம், ஒரு கணக்கில் தோற்று மற்றக் கணக்கில் பாஸ். பிஎஸ் 4449 பெயரளவுப் பரப்பைக் கேட்கிறது, இந்தியாவின் ஐஎஸ் 1786 எடையிலிருந்து எடுத்த உண்மைப் பரப்பைக் கேட்கிறது. இரண்டும் நேர்மையான முறைகள்தான், ஆனால் உண்மைப் பரப்பால் கணக்குப் போட்ட அறிக்கையில் எடையின் முடிவும் பக்கத்தில் இல்லையென்றால் அந்த அறிக்கை பாதிக் கதைதான் சொல்கிறது.

கடைசியாக, அறிக்கையில் உள்ள உருக்கு இலக்கமும் (எந்த உருக்கல் தொகுதியில் வந்த கம்பி என்று காட்டும் எண்) தளத்துக்கு வந்த கட்டின் அட்டையில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாரும். மில்லில் இருந்து வந்த சான்றிதழின் போட்டோக்கொப்பி ஒன்று ஊர் முழுக்கச் சுற்றுவதைக் கண்டிருக்கிறேன். சந்தேகம் வந்தால், கொந்தராத்துக்காரர் பொறுக்கித் தருகிற துண்டை விட்டுவிட்டு நீரே கட்டின் நடுவிலிருந்து வெட்டி அனுப்பும். மொறட்டுவ, பேராதனைப் பல்கலைக்கழகங்களிலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திலும் இழுவைப் பரிசோதனை செய்கிறார்கள்.

மேசன் 16 மில்லிக் கம்பியை நெருப்பில் காட்டி வளைக்கிறார். "சூடு காட்டினால் வெடிக்காது" என்கிறார். விடலாமா? (வாசகர், மூதூர்)

விடக் கூடாது. இப்போது வருகிற கம்பிகளில் பெரும்பாலானவை உருட்டிச் சிவக்கச் சிவக்க வரும்போதே தண்ணீரைப் பீச்சி வெளித் தோலைக் கெட்டியாக்கினவை. கூடுதல் வலுவைத் தருவது அந்த மெல்லிய வளையம்தான், நடு மென்மையானது. நெருப்பில் சிவக்கவிட்டால் வளையம் இளகிப்போகும். வெளியில் பார்த்து ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து.

குளிர்ந்தபடியே வளைக்கட்டும், ஆனால் கூர்மையாக மடிக்க வேண்டாம். 16 மில்லி வரைக்கும் கம்பியின் தடிப்பைப் போல நாலு மடங்கு விட்டமுள்ள முளையைச் சுற்றி வளைக்க வேண்டும், அதற்கு மேல் ஏழு மடங்கு. அப்படி வளைத்தும் வெளிப்பக்கம் வெடித்தால் கம்பி கூடாது, திருப்பி அனுப்புங்கள். ஆய்வுகூடத்தில் இதைவிடக் கடுமையாகச் செய்கிறார்கள்: 90 பாகை வளைத்து, 100 பாகை வெப்பத்தில் ஒரு மணித்தியாலம் வைத்து, ஆறவிட்டு, 20 பாகை திரும்ப நிமிர்த்துகிறார்கள். அதில் வெடிக்காமல் வர வேண்டும்.

மேல்மாடிக்கென்று தூண்கம்பிகளை நீட்டிவிட்டு 11 வருசமாகிவிட்டது. இப்போதுதான் காசு சேர்ந்திருக்கிறது. கம்பி முழுக்கத் துரு. அதிலேயே தொடர்ந்து கட்டலாமா? (வாசகர், உப்புவெளி)

உங்கள் ஊரில் பாதி வீட்டின் கூரை மேல் இந்தக் காட்சிதான்.

புதுக்கம்பியில் பிடிக்கிற மெல்லிய பழுப்புத் துருவுக்குப் பயப்படத் தேவையில்லை, கொங்கிறீட் அதைப் பிடிக்கும். செதில் செதிலாகக் கழன்று விழுவதும், உள்ளே குழி விழுந்திருப்பதும்தான் பிரச்சினை. கடற்கரையில் 11 வருசம் என்றால் அது இரண்டும் இருக்கும்.

மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியைவிட, கொங்கிறீட்டிலிருந்து கம்பி வெளிவருகிற அடிக் கழுத்துத்தான் முதலில் தின்னப்படும், மழைத்தண்ணியும் உப்பும் அங்கேதான் தேங்கும். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் இரண்டு மூன்று அங்குலம் கொங்கிறீட்டைக் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, மெலிந்த இடத்தைப் பாருங்கள். கழுத்து நல்லாயிருந்தால் நல்ல தண்ணியால் கழுவி, புதுக்கம்பியைத் தடிப்பைப் போல 40 முதல் 50 மடங்கு நீளத்துக்குச் சேர்த்துக் கட்டித் தொடரலாம். 12 மில்லிக்கு அது ஏறக்குறைய ஒன்றரை அடி முதல் இரண்டடி. கழுத்து மெலிந்திருந்தால் வெட்டிவிட்டு, துளையிட்டு எபொக்சிப் பசை போட்டுப் புதுக்கம்பி நடுவதைப் பொறியியலாளர் ஒருவர்தான் தீர்மானிக்க வேண்டும். மேசனோடு பேசி முடிக்கிற விசயமல்ல அது.

இனிமேல் கம்பி விடுகிறவர்கள் கழுத்தோடு சேர்த்து முழுக்கம்பியையும் வலுக்குறைந்த சீமெந்துக் கலவையால் மூடிவிடுங்கள், தேவைப்படும்போது உடைத்தெடுக்கலாம். மடித்துப் படுக்க வைத்து, பிறகு நிமிர்த்துகிற வேலை வேண்டாம்.

சுனாமிக்குப் பிறகு ஒரு அமைப்பு கட்டித் தந்த வீடு ஐயா. சிலாப்பின் அடி வெடித்து, துண்டு துண்டாக விழுந்து, கம்பி தெரிகிறது. பூசிப் பெயின்ற் அடித்தால் சரி என்கிறார் மேசன். கம்பி தரமில்லாததாலா இப்படி? (வாசகி, குச்சவெளி)

கம்பி நல்ல கம்பியாகவே இருந்திருக்கலாம் அம்மா. உலகத்துப் பரிசோதனை எல்லாம் பாஸான கம்பியையும் உப்பு தின்னும்.

நல்ல கொங்கிறீட் கடுமையான காரத்தன்மை உள்ளது, அதற்குள் இருக்கிற கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். உப்பிலுள்ள குளோரைட் போய் அந்தப் படலத்தைக் குத்தி ஓட்டையாக்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும், இடம் போதாமல் கொங்கிறீட்டைத் தள்ளி உடைக்கும். வெடிப்பு கம்பி ஓடுகிற வழியிலேயே நேர்கோடாகப் போவது அதனால்தான்.

உப்பு வருகிற வழி இரண்டு. காற்றோடு வருவது ஒன்று. மற்றது நாமே கலந்துவிடுவது: உவர்க்கிணற்றுத் தண்ணி, கொட்டியாரக் குடாவில் மகாவலி கங்கை கடலோடு சேர்கிற பக்கத்து மணல். மணலில் சந்தேகம் என்றால் ஒரு பிடியைப் பற்றறிக்கு விடுகிற வடித்த தண்ணியில் கலக்கி, தெளியவிட்டு, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்கிற சில்வர் நைத்திரேற்றில் இரண்டு துளி விட்டுப் பார்க்கலாம், பால்போல வெளுத்தால் உப்பு இருக்கிறது. குழாய்த் தண்ணியில் செய்தால் அதிலுள்ள குளோரைட்டே வெளுத்து ஏமாற்றிவிடும். தண்ணிக்கு இந்தியாவின் ஐஎஸ் 456 வைத்த எல்லை, கம்பி போட்ட கொங்கிறீட்டில் லீற்றருக்கு 500 மில்லிகிராம் குளோரைட். கடல்தண்ணியில் ஏறக்குறைய 19,000 இருக்கிறது.

மூன்றாவது காரணம் கவர், அதாவது கம்பிக்கு மேல் இருக்கிற கொங்கிறீட்டின் கனம். அதே ஐஎஸ் 456 கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீற்றர் சொல்கிறது, கடல்தண்ணி தெறிக்கிற இடத்துக்கு 50. உங்கள் சிலாப்பில் விழுந்த துண்டு ஒன்றை எடுத்து அதன் கனத்தை அளந்து பாருங்கள், 15 மில்லிகூட இல்லாவிட்டால் ஆச்சரியப்பட மாட்டேன். பல தளங்களில் கம்பிக்கு அடியில் சல்லிக்கல்லையோ வெட்டிப்போட்ட கம்பித் துண்டையோ முட்டுக்கொடுக்கிறார்கள். அந்தக் கம்பித் துண்டு வெளியே தொட்டுக்கொண்டிருப்பதால் துரு உள்ளே போக அதுவே வழி திறந்துவிடுகிறது. சரியான உயரத்துக்குச் சீமெந்துக் கட்டைகள் வார்த்து வைக்க ஒரு பின்னேரம் போதும்.

பூச்சு பூசி மூடாதீர்கள். முதலில் சிலாப்புக்கு முட்டுக் கொடுங்கள், அது இல்லாமல் ஒருவரும் கொத்தக் கூடாது. அப்புறம் சுத்தியலால் தட்டி, வெறுமையாகச் சத்தம் கேட்கிற இடத்தையெல்லாம் சோக்கால் வட்டம் போடுங்கள். பொறியியலாளர் வந்தால் செப்பு–செப்புசல்பேற்று மின்முனை வைத்துக் கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்ப்பார். மைனஸ் 350 மில்லிவோல்ற்றுக்கும் கீழே போனால் அங்கே துருப்பிடிப்பு நடந்துகொண்டிருக்க 90 வீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று அமெரிக்கக் கட்டளை ஏஎஸ்டிஎம் சி876 கணக்கு வைத்திருக்கிறது. விழுந்த இடத்தை மட்டும் புதுக்கலவையால் அடைத்தால் துரு அந்த ஒட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, கொஞ்சக் காலத்தில் பக்கத்தில் வெடிக்கும். ஆகவே கம்பியின் பின்பக்கம் ஒரு விரல் போகிற அளவுக்குக் கொத்தி, உப்பு ஏறின கொங்கிறீட்டை முழுக்க எடுத்து, கம்பி மெலிந்த இடத்தில் பக்கத்தில் கம்பி சேர்த்து, அதற்குப் பிறகுதான் அடைக்க வேண்டும். செலவு கூடத்தான். அறைக்குள் பிள்ளைகள் படுக்கிறார்கள் என்றால் முட்டு ஏற்றும்வரை அந்த அறையை மாற்றிக்கொள்ளுங்கள்.