சைரன் பத்து நொடி பொறுக்குமா?

கேள்வி: பழைய காரில் வெளியே வாங்கிய அலாரம் பொருத்தியிருக்கிறேன். ரிமோட் பேட்டரி தீர்ந்துபோனால் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். திறந்த நொடியே சைரன் அலறித் தெருவைக் கூட்டிவிடுகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் நிறுத்து பட்டனை எட்டிப்பிடிக்கப் பத்து நொடியாவது வேண்டும். டைமர் ரிலே (சில நொடி கழித்து இணைப்புக் கொடுக்கும் சுவிட்ச்) வைக்கலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தாராளமாக. ஆனால் கதவு சுவிட்ச் ஒயரில் கை வைக்காதீர்கள். அலாரம் உடனே விழித்து இண்டிகேட்டரை மின்னட்டும். சைரன் மட்டும் காத்திருக்கட்டும்.

கடையில் ‘ஆன் டிலே’ (கரண்ட் வந்து சில நொடி கழித்தே இயங்கும் ரகம்) என்று கேட்டு வாங்குங்கள். ‘ஆஃப் டிலே’ வந்துவிட்டால் சைரன் உடனே கத்தும். நிறுத்திய பிறகும் கத்தும். ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சர் போட்டால் போதும் என்பார்கள். அதுவும் ஆஃப் டிலேதான்.

சால்டரிங் பழகியவர் என்றால் நேரம் எண்ணும் 555 ஐசி போதும், டைமரை நீங்களே செய்துவிடலாம். 4, 8 கால்கள் பாசிட்டிவுக்கு, 1 நெகட்டிவுக்கு. 2, 6 இரண்டையும் சேர்த்து, அங்கிருந்து 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டென்சரைப் பாசிட்டிவுக்கும் (கண்டென்சரின் பிளஸ் முனை பாசிட்டிவ் பக்கம்), 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை நெகட்டிவுக்கும் கொடுங்கள். 5ஆம் காலிலிருந்து 0.01 மைக்ரோஃபாரட் நெகட்டிவுக்கு. 3ஆம் காலுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே 400 ஓம் காயில் உள்ள சிறிய 12 வோல்ட் ரிலே. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, அதன் மேல் இருக்கும் கோடு 3ஆம் கால் பக்கம். நேரம் 1.1 × ரெசிஸ்டர் × கண்டென்சர், அதாவது 11 நொடி. கண்டென்சர்கள் 20 சதவீதம் முன்பின் இருக்கும் என்பதால் 9 முதல் 13 வரை வரலாம்.

ரெசிஸ்டரை 10 லட்சம் ஓமாக்கிக் கண்டென்சரை 10 மைக்ரோஃபாரடாகக் குறைத்தாலும் கணக்கு அதேதான். காரில் அது ஆகாது. வெயிலில் கண்டென்சர் கசியும். அந்தக் கசிவு பெரிய ரெசிஸ்டரை வென்றுவிட்டால் சைரன் கத்தவே கத்தாது. 105 டிகிரி என்று அச்சிட்ட கண்டென்சரே வாங்குங்கள். 100 கிலோ ஓமுக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டையோடையும் (கோடு 2, 6 பக்கம்) போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்தடுத்து அலாரம் அடிக்கும்போது கண்டென்சரில் மிச்ச சார்ஜ் நின்று தாமதம் சுருங்கும்.

இனி ஒயரிங். அலாரத்தின் சைரன் ஒயர்தான் டைமருக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பாடியில். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் காமன் (பொது) முனைக்கு ஒரு லைன். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். என்ஓ முனையிலிருந்து (ரிலே இயங்கும்போது மட்டும் காமனோடு சேரும் முனை) சைரனுக்கு. 20 வாட் சைரன் 1.7 ஆம்பியர் இழுக்கும், 1 சதுர மி.மீ. ஒயர் தாராளம். டைமரைப் பேட்டரியில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். 555 சும்மா இருக்கும்போதே சுமார் 10 மில்லி ஆம்பியர் தின்னும். ஒரு மாதம் நிறுத்திய கார் என்றால் 7 ஆம்பியர் ஹவர், அதாவது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு காலி. போர்டை என்ஜின் பக்கம் வைக்காமல் டேஷ்போர்டுக்குள் வையுங்கள்.

அலாரம் 30 நொடி அடிக்கும் ரகம் என்றால் இனி காதில் விழுவது 20 நொடிதான். லாக் செய்யும்போது வரும் ‘கீக்’ ஒலியும் போய்விடும். இண்டிகேட்டரைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். பத்து நொடிக்கு மேல் நீட்டாதீர்கள். திருடனுக்கும் அதே பத்து நொடிதான் கிடைக்கிறது.

கேள்வி: இதே மாதிரி டைமர் வைத்தேன். இண்டிகேட்டர் மின்னுகிறது, சைரன் வாயே திறக்கவில்லை. நேராகக் கொடுத்தால் கத்துகிறது.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: சைரன் ஒயரில் ஒரு 12 வோல்ட், 5 வாட் பல்பை மாட்டி அலாரத்தை அடிக்க விடுங்கள். பல்ப் விட்டு விட்டு எரிந்தால் அதுதான் கோளாறு. உங்கள் அலாரம் ஹாரனுக்குக் கொடுப்பதுபோல் வெட்டி வெட்டிக் கரண்ட் தருகிறது. ஒவ்வொரு வெட்டிலும் டைமர் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. டைமருக்குப் போகும் பாசிட்டிவில் 10 ஓம், 1 வாட் ரெசிஸ்டர், அடுத்து 1என்4007 டையோடு (கோடு டைமர் பக்கம்), அதற்குப் பிறகு நெகட்டிவுக்கு 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டென்சர் போடுங்கள். அரை நொடி இடைவெளியை அது தாங்கும். சைரன் நிற்க ஓரிரு நொடி கூடுதலாகும், பரவாயில்லை. 10 ஓமை விட்டுவிட்டால் காலிக் கண்டென்சர் ஒரே மூச்சில் இழுக்கும் கரண்ட் அலாரத்தின் உள் ரிலேயையோ டிரான்சிஸ்டரையோ பதம் பார்க்கும்.

கேள்வி: என் சைரனுக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. ரிலேயை எங்கே போடுவது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: டிரிகர் ஒயரில் (சைரனைக் கத்தச் சொல்லி அலாரம் சிக்னல் அனுப்பும் ஒயர்) மட்டும். அதன் நிரந்தர 12 வோல்ட் லைனில் ரிலேயைப் போட்டால், யாரோ பேட்டரி ஒயரை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து ஊரை எழுப்பிவிடும்.