ஓபன் சோர்ஸ்ல யாரு வேணா கோட் அனுப்பலாம்னா, அனுப்புறத எல்லாம் சேத்துக்குவாங்களா?

ஓபன் சோர்ஸ்னா கோட எல்லாருக்கும் திறந்து வச்சிருக்குற சாஃப்ட்வேர். ஆனா அனுப்புறத எல்லாம் சேத்துக்க மாட்டாங்க. அனுப்புறதுக்கு தான் யாரையும் கேக்க வேணாம், உள்ள போறதுக்கு ஒருத்தர் ஓகே சொல்லணும்.

நான் கோத்தகிரி. பெரிய டெவலப்பர் எல்லாம் இல்ல, வீட்ல இருந்தே ஒரு கம்பெனிக்கு சப்போர்ட் வேல பாக்குறேன். நான் யூஸ் பண்ற ஒரு ஓபன் சோர்ஸ் நோட்ஸ் ஆப்ல 'கோத்தகிரி'னு தேடுனா நான் எழுதுனது வருது, ஃப்ரெண்டு அவனோட பழைய மேக்ல இருந்து காப்பி பண்ணி கொடுத்த ஃபைல் வரவே இல்ல. கண்ணுக்கு ரெண்டு ஃபைலோட பேரும் ஒண்ணு தான். ராத்திரி உக்காந்து நோண்டுனா, என்னோட 'கோ'வுல க-வும் ஓகாரக் குறியும்னு ரெண்டே யூனிகோட் குறி (கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு இருக்குற நம்பர்), அவனோடதுல ஏகாரக் கொம்பு தனியா கால் தனியா பிரிஞ்சு மொத்தம் மூணு, பழைய மேக் ஃபைல் பேர அப்படி பிரிச்சு தான் சேவ் பண்ணுமாம். கொடைக்கானலுக்கும் இதே கதி தான், ஊட்டியும் குன்னூரும் தப்பிச்சுச்சு.

ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு கொண்டு வந்துட்டு ஒப்பிடணும், யூனிகோட்ல அந்த வடிவத்த என்எஃப்சினு சொல்வாங்க, ரெண்டு வரி வேல. அந்த ஆப்போட கோட எனக்குனு ஒரு காப்பி எடுத்து (ஃபோர்க்), அதுல தனி பிராஞ்ச் போட்டு மாத்தி, 'இத சேத்துக்கோங்க'ன்னு புல் ரிக்வெஸ்ட் அனுப்பிட்டேன். அப்புறம் தான் பாக்குறேன், என் எடிட்டர் சேவ் பண்றப்பல்லாம் ஸ்பேஸ அதுவா ஒழுங்குபடுத்தி முப்பது ஃபைல மாத்தி வச்சிருக்கு. அந்த ப்ராஜெக்ட பாத்துக்குற மெயின்டெய்னர் "இதுல எது உங்க மாற்றம்?"னு ஒரே வரி கேட்டுட்டு மூடிட்டார். செம கடுப்பு, சும்மா செஞ்சு கொடுக்குறதுக்கே இவ்ளோ கெத்தானு.

ஆனா அவர் பக்கம் யோசிச்சா நியாயம் தான். அடுத்த வருஷம் அந்த வரில பக் வந்தா நான் எங்க இருப்பேனோ, அவர் தான் முழிக்கணும். எங்க ஊர்ல மழைல நனைஞ்ச தேயிலைய ஃபேக்டரிக்கு கொண்டு போனா தண்ணிக்குனு எடைய கழிப்பாங்க, அங்கயாச்சும் கழிச்சிட்டு மிச்சத்த எடுத்துக்குவாங்க, இங்க மூட்டையோட திருப்பி விட்டுடுவாங்க.

ரெண்டாவது தடவ மொதல்ல இஷ்யூ போட்டு பிரச்சனைய சொன்னேன், "சரி அனுப்புங்க"ன்னார். ரெண்டு வரி ஃபிக்ஸ், கூடவே ரெண்டு விதமான 'கோ'வையும் வச்சு ஒரு டெஸ்ட். அனுப்புன உடனே அவங்க சர்வர் அதுவா டெஸ்ட் ஓட்டும், லினக்ஸ்ல பச்ச, விண்டோஸ்ல செவப்பு. ஃபைல திறக்குறப்ப எழுத்து முறை யுடிஎஃப்-8னு குறிப்பிடாம விட்டது என் தப்பு. அத சரி பண்ணா, "ஒவ்வொரு தேடலுக்கும் எல்லா ஃபைல் பேரையும் ஏன் மாத்தணும், தேடலுக்கான பட்டியல் (இண்டெக்ஸ்) போடுறப்ப ஒரு தடவ மாத்தி வச்சா போதாதா?"ன்னு ரிவ்யூல ஒரு கேள்வி. எனக்கு தோணவே இல்ல அது. நடுவுல ஐப்பசி மழைல மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்ல, எல்லாம் சேந்து மூணு வாரம் ஆச்சு மெர்ஜ் ஆக, அதாவது அவங்க கோட்ல சேர.

பெரிய ப்ராஜெக்ட்னா இன்னும் படிக்கட்டு ஜாஸ்தி. லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல இன்னைக்கும் பேட்ச் (கோட் மாற்றம்) ஈமெயில்ல தான் போகும், யாருக்கு அனுப்பணும்னு சொல்லவே கூட ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. 'இத கொடுக்க எனக்கு உரிமை இருக்கு'ன்னு உறுதி சொல்ற மாதிரி கீழ நம்ம பேர்ல சைன்ட்-ஆஃப்-பை வரி கட்டாயம், 2004ல வந்த வழக்கம். அந்தந்த பகுதி மெயின்டெய்னர் எடுத்து வச்சிருந்து, புது மாற்றத்த சேத்துக்குற ரெண்டு வார மெர்ஜ் விண்டோ திறக்குறப்ப லினக்ஸ உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸ்க்கு அனுப்புவார். அத விட்டா அடுத்த விண்டோவுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆகும். சில கம்பெனி ப்ராஜெக்ட்ல கோட பாக்குறதுக்கு முன்னாடியே ஒரு ஒப்பந்தத்துல சைன் பண்ண சொல்வாங்க, படிச்சிட்டு பண்ணுங்க.

இவ்ளோ கெடுபிடி எதுக்குனு கேட்டா 2024ல எக்ஸ்இசட்ங்கற ஃபைல் சுருக்குற ஓபன் சோர்ஸ் டூல்ல நடந்தத தேடி பாருங்க. ஒரு ஆள் ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா பேட்ச் அனுப்பி, நம்பிக்கை சம்பாதிச்சு, மெயின்டெய்னராவே ஆகி, அப்புறம் திருட்டுத்தனமா உள்ள நுழைய அதுல பின்வாசல் வச்சுட்டார். தூரத்துல இருக்குற கம்ப்யூட்டருக்குள்ள போற எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஒரு இன்ஜினியர் நோண்டப் போய் தான் அது வெளிய வந்துச்சு.

அதனால பதிலே வரலன்னா மனசு விட்றாதீங்க, ரெண்டு வாரம் கழிச்சு மரியாதையா ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க. என்னோட இன்னொரு பேட்ச் ஆறு மாசமா அப்படியே கெடக்கு, நேத்து தான் அவங்களோட இப்போதைய கோட் மேல பொருந்துற மாதிரி திரும்ப ரீபேஸ் பண்ணி வச்சேன்.