இத்தாலியில் முதல்முறையாக வாடகைக் கார் ஓட்டப் போகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

அவினாசி ரோட்டில் பத்து வருடம் ஓட்டிய கை என்றாலும், அங்கே வலப்பக்கம் ஓட்டுவது முதல் நாள் குழப்பத்தான் செய்யும். நேர்ச்சாலையில் பிரச்சினை இல்லைங்க. ஆளில்லாத தெருவில் இடப்பக்கம் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் இழுத்துவிடும். இன்னொன்று, இண்டிகேட்டர் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் இருக்கும், வைப்பர் வலப்பக்கம். முதல் முக்கில் நான் திரும்பப் போக, நல்ல வெயிலில் வைப்பர் கரகரவென்று கண்ணாடியைத் தேய்த்தது. அதனால் சாவி வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். பார்க்கிங்கிலேயே கால் மணி நேரம் எல்லாவற்றையும் தொட்டுப் பழகுங்கள். பழைய கீறல்களைச் சுற்றிலும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கட்டாயம். திருப்பூர் ஆர்டிஓவிலேயே வாங்கலாம், ஓராண்டு செல்லும். நம் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். அப்புறம், டெபாசிட்டுக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்.

ரொம்ப முக்கியம் இசட்டிஎல் (ZTL), அதாவது வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு உள்ள பகுதி. ரோம், ஃப்ளாரன்ஸ் போன்ற நகரங்களின் பழைய பகுதிக்குள் அனுமதியில்லாத கார்கள் குறிப்பிட்ட நேரங்களில் நுழையக் கூடாது. வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம் இருக்கும். பல இடங்களில் தடுப்பு இருக்காது, கேமராதான். அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கே வரும். காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்தே போங்கள்.