ஹபரணை வரும்வரை

கேள்வி: உவர்மலையில் வசிக்கிறேன். என் இளைய மகளுக்கு 14 வயது, டெனிஸில் கெட்டிக்காரி. பாடசாலையை நிறுத்திச் சென்னையில் பயிற்சிக்கு விட்டால் சம்பியனாக வருவாள் என்று நம்புகிறேன். செரீனா வில்லியம்ஸை உருவாக்கியவர் அவருடைய தந்தைதானே? சாதாரண தரப் பரீட்சை முடியட்டும் என்கிறார் மனைவி. நான் கண்டிப்பானவன், மகள் கொழும்பில் தோற்றுவிட்டு வரும் நாள்களில் ஹபரணை வரும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். நிலாவெளிக் காணியை ஈடு வைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். என்ன செய்யலாம்?
- ஒரு தந்தை, திருகோணமலை

பதில்: ஐயா, காணி, சென்னை, பரீட்சை என்று வாசித்துக்கொண்டு வந்த நான் ஹபரணையில் நின்றுவிட்டேன். கொழும்பிலிருந்து அங்கு வந்து சேர நான்கு மணித்தியாலமாவது செல்லும். குருநாகலும் தம்புள்ளையும் கடந்துபோகும் அத்தனை நேரமும், தான் செய்த குற்றம் என்னவென்று யோசித்தபடி ஒரு பிள்ளை உங்கள் பக்கத்தில் இருந்து வருகிறாள். இதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பிள்ளை பொய் சொன்னால், பெரியவர்களை எடுத்தெறிந்து பேசினால் கண்டியுங்கள். நானும் பிள்ளைகளைக் கண்டித்து வளர்த்தவள்தான். ஆட்டத்தில் தோற்றதற்காகத் தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வது, தன் ஏமாற்றத்துக்குப் பிள்ளையிடம் வட்டி வசூலிப்பதாகும்.

ஹபரணை தாண்டியதும் பேச்சு வருவது ஏன் என்றும் கேட்கிறேன். வீடு நெருங்குகிறது, வாசலில் தாய் நிற்பார், அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியவேண்டும் என்பதாலா? அப்படியானால் செய்வது பிழை என்று உங்களுக்கே தெரியும்.

32 பேர் ஆடும் போட்டியில் 31 பேர் தோற்றுத்தான் திரும்புகிறார்கள். டெனிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் 23 ஒற்றையர் பட்டங்களை வென்ற செரீனாவே, அவற்றின் 10 இறுதிப் போட்டிகளில் தோற்றவர். அவருடைய தந்தையைச் சாட்சிக்கு அழைத்தீர்கள். அந்த மனிதர் செய்ததை முழுவதுமாக அறிந்தா அழைத்தீர்கள்? செரீனாவுக்குப் பத்து வயதளவில், 1991இல், கனிஷ்ட போட்டிகளிலிருந்து மகள்மாரை விலக்கிக்கொண்டு, படிப்பிலும் கவனம் இருக்கவேண்டும் என்றவர் ரிச்சர்ட் வில்லியம்ஸ். அந்தப் பிள்ளைதான் 1999இல், 17 வயதில், அமெரிக்க பகிரங்கப் பட்டத்தை வென்றது.

அவசரப்பட்ட கதை வேண்டுமானால் ஜெனிஃபர் கப்ரியாட்டியைப் பாருங்கள். 14 வயது நிரம்பும் முன்னரே, 1990 மார்ச்சில், தொழில்முறை ஆட்டக்காரியாக இறக்கப்பட்டார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்டெபி கிராஃபை வென்று தங்கம் எடுத்தார். 1993இல் அமெரிக்க பகிரங்கப் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்றபின் ஆட்டத்தை விட்டு விலகி, வழிதவறி, மீண்டெழுந்து, 2001இல்தான் அவுஸ்திரேலிய பகிரங்கப் பட்டத்தை எடுத்தார். அவரைப் போன்ற பிள்ளைகள் பட்ட பாட்டைக் கண்ட பின்னரே, 18 வயதுக்குக் குறைந்தோர் ஆண்டுக்கு எத்தனை தொழில்முறைப் போட்டிகளில் ஆடலாம் என்பதற்கு மகளிர் டெனிஸ் சங்கம் இறுக்கமான வரம்பு வைத்தது. ஆகவே உங்கள் மகளைப் பாடசாலையிலிருந்து இப்போதே பிடுங்கினாலும் அவள் வாராவாரம் ஆடப்போவதில்லை.

ஆஷ்லி பார்ட்டி 15 வயதில் விம்பிள்டன் கனிஷ்ட பட்டம் வென்றவர். 2014இல் களைத்துப்போய் டெனிஸை விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனார். 2016இல் தானாகவே திரும்பி வந்து, மூன்று கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை எடுத்து, 25 வயதில், முதலாம் இடத்தில் இருக்கும்போதே ஓய்வு பெற்றார். விட்டுப் போகவும் திரும்பி வரவும் அவருக்கு வழி இருந்தது. காணியை ஈடு வைத்த வீட்டில் உங்கள் மகளுக்கு அந்த வழி இருக்குமா? களைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வாள்? நான்கு மணித்தியால மௌனத்துக்கே பயந்தவள், காணி போன மௌனத்தை எப்படித் தாங்குவாள்?

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, பரீட்சை முடியட்டும். காணி ஒரு விளையாட்டுக்குரியது அல்ல, பிள்ளைகள் எல்லோருக்கும் உரியது. மூத்த பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் கவனித்தேன். அடுத்த போட்டிக்கு மனைவி கூடப் போகட்டும். நீங்கள் வீட்டில் இருங்கள். தொலைபேசியில் முடிவு கேட்கவேண்டாம். இருவரும் வந்து இறங்கும்போது சோறு சூடாக இருக்கட்டும், அதை நீங்களே மகளுக்குப் போட்டுக் கொடுங்கள். வென்றாளா தோற்றாளா என்பதை அவளாகச் சொன்னால் கேளுங்கள்.