செங்காந்தள் கொடி காய்ந்தால் தண்ணீரை நிறுத்துங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம், களிமண் கொல்லை. வேலியோரம் கிடைத்த செங்காந்தள் கிழங்கை ஆடியில் நட்டேன், கார்த்திகையில் அழகாகப் பூத்தது. தை பிறந்ததும் கொடி மஞ்சளாகி அடியோடு காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. செத்துவிட்டதா?

பதில்: செத்திருக்காது அம்மா, ஆனால் இப்படியே ஊற்றிக்கொண்டிருந்தால் கிழங்கு அழுகிவிடும், முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். பூத்துக் காய் முற்றியதும் மேல்கொடி காய்வது இதன் இயல்பு. கிழங்கு மண்ணுக்குள் உறங்கும், ஆனி ஆடி மழையில் தானாக முளைக்கும்.

சந்தேகமாக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு ஓரத்தில் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். நீங்கள் நட்ட கிழங்கு பழுப்பாகச் சுருங்கி வெறும் தோலாகக் கிடக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டது. அந்தக் கொடியின் இலைகள் சேர்த்த சத்தில் பக்கத்திலேயே புதுக் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து உருவாகியிருக்கும் (அதனால்தான் பூ முடிந்த கையோடு பச்சைக் கொடியை அறுக்கக் கூடாது என்பது). அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், கொழகொழவென்றால் அழுகல். முளைக்கும் கண் நுனியில்தான் இருக்கிறது, நுனி ஒடிந்தால் முளைக்காது, ஆகவே மண்வெட்டி போடாதீர்கள்.

நம் டெல்டாவில் இதற்கு எமன் வறட்சி இல்லை, தேங்கும் தண்ணீர்தான். கோடியக்கரை மணலில் யாரும் நடாமலே புதரில் ஏறிப் பூக்கிறது, உங்கள் களியிலோ சரியாகப் பூக்கும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காலடியில் தண்ணீர் நிற்கும். இந்த முறை தப்பித்தது நல்ல காலம். சித்திரை வைகாசியில், கிழங்கு உறங்கும்போதே, எடுத்து இடம் மாற்றிவிடுங்கள். வெயில் படும் இடமாக ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போட்டு, மண்ணோடு பாதிக்குப் பாதி மணலும் நன்றாக மக்கிய சாணி எருவும் கலந்து, கிழங்கைப் படுக்கை வசமாக மூன்று நான்கு விரல் ஆழத்தில் வையுங்கள். பச்சைச் சாணி வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கொழுகொம்பு. இலை நுனியே சுருண்டு பற்றும் கொடி இது, தடித்த கம்பத்தைப் பிடிக்காது, மூங்கில் சிம்போ கிளுவை வேலியோ போதும். கருப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழு வந்தால் ஒரே ராத்திரியில் இலையை மொட்டையடித்துவிடும், காலையில் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கண்வலிக்கிழங்கு என்று நாம் சொல்வதும் இதைத்தான், கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். உள்ளே இருக்கும் கோல்ச்சிசினைத்தான் கவுட் மூட்டுவலிக்கு மிகச் சிறிய அளவில் மாத்திரையாகத் தருகிறார்கள், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. தோண்டிய கிழங்கைச் சமையல்கட்டுப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், ஆடு மாடு எட்டாத இடத்தில் நடுங்கள். யாராவது தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வாந்தி பேதி தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம், அதுவரை காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு ஜாக்கிரதை வேண்டியிருந்தாலும் வளர்க்கச் சொல்வேன். வேலியெல்லாம் கம்பி வேலியாகி, காட்டில் இருப்பதையும் தோண்டி விற்று, நம் மாநிலப் பூவே அரிதாகிக்கொண்டிருக்கிறது. மேடு போட்ட இடத்தில் நான்கு செங்கல்லை அடையாளத்துக்கு நட்டுவிடுங்கள், முளைப்பதற்குள் யாரும் கொத்திவிடாமல் இருக்கும்.